கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு கிமா

கடலுக்குள் மூழ்கியவரின் காலைக் கவ்விப் பிடித்துக்கொண்டு விடாத அரக்கச் சிப்பியைப் பற்றிப் பழைய கடற்கதைகள் பல உண்டு. அப்படி ஒருவர் உயிரிழந்ததற்கு உறுதியான சான்று எதுவும் இல்லை. மிகப் பெரிய சிப்பிகளால் தங்கள் ஓடுகளை முழுமையாக மூடிக்கொள்ளக்கூட இயலாது. கதையில் வரும் அந்த அரக்கன், உண்மையில் யாரையும் வேட்டையாடாமல் வெயிலில் காய்ந்தபடியே வாழ்நாளைக் கழிக்கும் ஓர் உயிரினம். தமிழில் இதனை இராட்சதச் சிப்பி என்கிறோம். மலாய் மொழியில் இதன் பெயர் 'கிமா'. உள்ளங்கையில் அடங்கும் சிறிய இனங்களும் இக்குடும்பத்தில் இருப்பதால், இக்கட்டுரையில் கிமா என்றே அழைப்போம்.

இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக் பெருங்கடலிலும் உள்ள பவளப்பாறைகளில் ஏறத்தாழ 12 வகைக் கிமாக்கள் வாழ்கின்றன. அவற்றுள் மிகப் பெரியதான 'ஜைகாஸ்' 1.2 மீட்டர் நீளமும் 200 கிலோகிராமுக்கு மேற்பட்ட எடையும் கொண்டதாக வளரக்கூடியது. மிகச் சிறியதான 'குரோசியா' 15 சென்டிமீட்டர் அளவோடு நின்றுவிடும். நீலம், பச்சை, ஊதா, பொன்னிறம் என மின்னும் இதன் சதை மடிப்பைப் பார்ப்பவர்கள் எளிதில் மயங்கிவிடுவார்கள். அதனால்தான் வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் பலரும் ஒரு கிமாவையாவது வளர்க்க ஆசைப்படுகிறார்கள். ஆனால், கடலில் பல பத்தாண்டுகள் வாழக்கூடிய இவ்வுயிர் பல வீட்டுத் தொட்டிகளில் ஓராண்டைக்கூடத் தாண்டுவதில்லை. பசித்தால் நாய் குரைக்கும்; மீன் கண்ணாடியருகே வந்து வாயைத் திறக்கும். கிமாவோ நகராது, ஒலி எழுப்பாது. அதற்கு என்ன தேவை என்பதை வளர்ப்பவர்தான் கண்டறிய வேண்டும்.

முதலில் அது எப்படி உண்கிறது என்று பார்ப்போம். மற்றச் சிப்பிகளைப் போலவே கிமாவும் நீரை உள்ளிழுத்து, செவுள்களால் வடிகட்டி, அதிலுள்ள நுண்ணுயிர்களை உண்ணும். ஆனால், பவளப்பாறைகளைச் சூழ்ந்துள்ள நீரில் அத்தகைய உணவு மிகக் குறைவு. ஆகவே, கிமா தன் உடலுக்குள்ளேயே ஒரு தோட்டம் போட்டு வைத்திருக்கிறது. ஓட்டின் விளிம்புக்கு வெளியே விரிந்து கிடக்கும் சதை மடிப்பை 'மேலுறை' என்பர். கிமாவின் இரைப்பையிலிருந்து கிளைத்துச் செல்லும் மெல்லிய குழாய்கள் இந்த மேலுறை முழுவதும் பரவியுள்ளன. அக்குழாய்களுக்குள் கோடிக்கணக்கான நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியைக் கொண்டு ஒளிச்சேர்க்கை செய்து சர்க்கரையை உருவாக்குகின்றன. அதில் பெரும்பகுதி கிமாவுக்குக் கிடைக்கிறது. கிமா வெளியேற்றும் கழிவோ பாசிகளுக்கு உரமாகிறது. வீட்டுக்காரர் இடம் கொடுக்கிறார். குடியிருப்பவர் சமைத்துப் போடுகிறார். இருவருக்கும் இலாபம்.

இந்தப் பாசிகள் பிறவியிலேயே வருவதில்லை. முட்டையிலிருந்து வெளிவரும் கிமாக் குஞ்சு, நீரில் மிதக்கும் பாசிகளை விழுங்கித்தான் தன் தோட்டத்தைத் தொடங்குகிறது. நாம் கண்டு மயங்கும் நிறங்களும் பாசியின் நிறங்கள் அல்ல. பாசி வெறும் பழுப்பு நிறம்தான். மேலுறையில் ஒளியைத் திருப்பிவிடும் சிறப்பு அணுக்கள் உள்ளன. அவை பாசிக்குப் பயன்படும் ஒளியை உள்ளே பரப்பி, மற்ற ஒளியை வெளியே தள்ளிவிடுகின்றன. அப்படித் தள்ளப்பட்ட ஒளிதான் நம் கண்ணுக்கு நீலமாகவும் பச்சையாகவும் தெரிகிறது.

இதைப் புரிந்துகொண்டால், தொட்டியில் விளக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதும் புரிந்துவிடும். மீனுக்கு விளக்கு ஓர் அலங்காரம்; கிமாவுக்கு அதுவே சாப்பாடு. சாதாரண மீன்தொட்டி விளக்கின்கீழ் கிமாவை வைப்பது, அதனைச் சிறிது சிறிதாகப் பட்டினி போடுவதற்குச் சமம். பவளப்பாறைத் தொட்டிகளுக்கென்று தயாரிக்கப்படும் சக்திவாய்ந்த எல்இடி விளக்கு தேவை. அது நாள்தோறும் 8 முதல் 10 மணி நேரம் எரிய வேண்டும். குரோசியா, 'மாக்சிமா' ஆகிய இனங்களுக்கு மிக வலிமையான ஒளி வேண்டும். 'ஸ்குவாமோசா', 'டெராசா' ஆகியவை சற்றுக் குறைந்த ஒளியிலும் வாழும். கடைக்குச் செல்லும் புதியவர்கள் பெரும்பாலும் பளிச்சென்ற நீல நிறக் குரோசியாவைத்தான் கைகாட்டுவார்கள். வளர்ப்பதற்குக் கடினமான கிமாக்களுள் அதுவும் ஒன்று. அழகு குறைந்ததாகத் தோன்றும் டெராசாவே புதியவருக்கு ஏற்றது என்பது என் கருத்து.

வலிமையான ஒளி வேண்டும் என்பதற்காக, வாங்கி வந்த அன்றே விளக்கின் நேர்கீழே வைத்துவிடக் கூடாது. கடையில் மங்கிய ஒளியில் இருந்த கிமாவுக்குத் திடீர் வெளிச்சம் கேடு விளைவிக்கும். முதலில் தொட்டியின் அடியில் வைத்து, இரண்டு மூன்று வாரங்களில் சிறிது சிறிதாக ஒளியைக் கூட்ட வேண்டும்.

அடுத்தது தண்ணீர். 'தண்ணீர் எவ்வளவு தூய்மையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது' என்றுதான் பலரும் நினைப்பார்கள். கிமாவைப் பொறுத்தவரை இது பாதி உண்மை. மீன்களின் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவும் நைட்ரேட்டும் கிமாவின் பாசிகளுக்கு உரம். எனவே, நன்றாக வளரும் கிமா தொட்டிநீரைத் தானே ஓரளவு தூய்மைப்படுத்தும். சத்து எதுவும் எஞ்சாதபடி வடிகட்டப்பட்ட நீரில், எவ்வளவு நல்ல விளக்கு இருந்தாலும், பாசிகள் மெலிந்துவிடும். சில மீன்களும் ஒரு கிமாவும் சேர்ந்து வாழும் தொட்டியே இரு தரப்புக்கும் ஏற்றது. ஆனால், குழாய்நீரை அப்படியே ஊற்றுவது வேறு விஷயம். சிங்கப்பூரின் குழாய்நீரில் கிருமிகளை ஒழிக்கக் குளோராமின் சேர்க்கப்படுகிறது. நமக்குத் தீங்கற்ற அதன் அளவு கடலுயிர்களுக்கு நஞ்சு. ஆகவே, நுண்சவ்வு வழியாக வடிகட்டிய நீரில் கடலுப்பைக் கலந்து பயன்படுத்துகிறார்கள். ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு என்பது கணக்கு.

கிமாவின் ஓடு சுண்ணாம்பால் ஆனது. அது வளர வளர நீரிலுள்ள கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்து ஓட்டில் அடுக்கிக்கொண்டே போகும். கடலில் அவை குறையாமல் கிடைக்கும். தொட்டியிலோ சில நாள்களிலேயே குறைந்துவிடும். ஒரு லிட்டர் நீரில் 400 முதல் 450 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறதா என்று வாரந்தோறும் சோதிக்க வேண்டும். நீரின் காரத்தன்மையையும் அதோடு அளக்க வேண்டும். குறைந்ததை ஈடுசெய்யும் வழிகளுள் ஒன்று, கால்சியம் ஹைட்ராக்சைடு கரைத்த தெளிநீரைச் சொட்டுச்சொட்டாகச் சேர்ப்பது. கால்சியம் ஹைட்ராக்சைடு என்றதும் ஏதோ அரிய வேதிப்பொருள் என்று எண்ண வேண்டாம். நம் பாட்டிமார் வெற்றிலையில் தடவும் சுண்ணாம்புதான் அது! முற்காலத்தில் சிப்பி ஓடுகளைச் சுட்டுத்தான் அந்தச் சுண்ணாம்பைத் தயாரித்தார்கள். சிப்பியிலிருந்து வந்தது சிப்பிக்கே திரும்பிச் செல்கிறது. அதற்காக வெற்றிலைப் பெட்டியைத் தேடிப் போகக் கூடாது. தொட்டிக்கென்று தயாரிக்கப்பட்ட தூய பொருளையே பயன்படுத்த வேண்டும். அளவு மிகுந்தால் நீர் கடுங்காரமாகி உயிர்களைக் கொன்றுவிடும்.

நம் நாட்டில் கிமா வளர்ப்பவருக்குப் பெரும் சவாலாக இருப்பது வெப்பம். 25 முதல் 27 பாகை செல்சியஸ் வரை தொட்டிக்கு ஏற்ற வெப்பநிலை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நண்பகலில் வீட்டுக்குள்ளேயே 30 பாகையைத் தாண்டிவிடும். விளக்கும் பம்புகளும் தரும் சூடு வேறு அதோடு சேர்ந்துகொள்ளும். நீர் அளவுக்கு மீறிச் சூடானால், பாசிகள் கிமாவின் உடலைவிட்டு வெளியேறிவிடும், மேலுறை வெளிறிப்போகும். 2016இல் கடல் சூடானபோது சிங்கப்பூரின் பவளங்கள் வெளிறியதும் இதே காரணத்தால்தான். தொட்டியில் அது நடக்க உலக வெப்பமயமாதல் தேவையில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு விடுமுறைக்குச் சென்றிருக்கும்போது குளிர்விப்பான் பழுதடைந்தாலே போதும்.

குளிர்விப்பானின் விலை அதிகம் என்று சிலர் தொட்டியின் மேல் மின்விசிறியைப் பொருத்துவார்கள். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்வதால் தொட்டி இரண்டு மூன்று பாகை குளிரும். அறிவியல் பாடத்தில் நீங்கள் படித்ததுதான். ஆனால், ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு அப்படியே தங்கிவிடும். அன்றாடம் குறைந்த அளவுக்கு நன்னீர் ஊற்றாவிட்டால் உவர்ப்பு ஏறிக்கொண்டே போகும். குறைந்ததை ஈடுகட்டக் கடல்நீரை ஊற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும். மின்தடையும் ஓர் ஆபத்து. பம்பு நின்றால் நீரில் உயிர்வளி குறையும். அதற்காக மின்கலத்தில் இயங்கும் சிறிய காற்றுப் பம்பு ஒன்றைத் தயாராக வைத்திருப்பது நல்லது.

தொட்டியும் சிறியதாக இருக்கக் கூடாது. சிறிய தொட்டியில் வெப்பமும் உவர்ப்பும் சில மணி நேரத்தில் மாறிவிடும். பெரிய தொட்டியில் அவை மெல்லத்தான் மாறும். குறைந்தது 200 லிட்டர் கொள்ளளவு இருந்தால் நல்லது. அதிலுள்ள நீர் மட்டுமே 200 கிலோகிராமுக்கு மேல் கனக்கும் என்பதால், அடுக்குமாடி வீட்டில் அதை எங்கே, எந்தத் தாங்கியின்மீது வைப்பது என்பதையும் பெற்றோருடன் கலந்து பேச வேண்டும். தொட்டியை அமைத்து ஆறு மாதமாவது ஆன பிறகே கிமாவைக் கொண்டுவர வேண்டும். அதற்குள் கழிவுகளை மாற்றும் நல்ல பாக்டீரியாக்கள் பெருகி, நீரின் தன்மை ஒரு நிலைக்கு வந்திருக்கும்.

குரோசியாவும் மாக்சிமாவும் கடலில் பாறையைப் பற்றிக்கொண்டு வாழ்பவை. குரோசியா பாறையைக் குடைந்து அதற்குள்ளேயே அமர்ந்துவிடும். இவற்றைத் தொட்டியிலும் பாறையின்மேல் வைக்க வேண்டும். டெராசாவையும் ஸ்குவாமோசாவையும் மணற்பரப்பில் வைக்கலாம். வைத்த சில நாள்களில் கிமா தன் அடிப்பகுதியிலிருந்து உறுதியான இழைகளைச் சுரந்து பாறையோடு தன்னைக் கட்டிக்கொள்ளும். கப்பலுக்கு நங்கூரம் எப்படியோ, கிமாவுக்கு இந்த இழைகள் அப்படி. பின்னர் இடம் மாற்ற நினைத்து அதைப் பிடித்து இழுத்தால் பெருந்தவறாகிவிடும். இழைகளைச் சுரக்கும் உறுப்பு கிழிந்து, ஒரு வாரத்திற்குள் கிமா இறந்துவிடக்கூடும். முதலிலேயே ஒரு தட்டையான சிறிய கல்லின்மேல் அதை வைப்பது புத்திசாலித்தனம். பிறகு எப்போது மாற்ற வேண்டுமென்றாலும் கல்லோடு சேர்த்துத் தூக்கிவிடலாம். கிமாவின் மேலே மென்மையான நீரோட்டம் இருந்தால் போதும். பம்பின் நீர் நேராகப் பாய்ந்தால் அது மேலுறையைச் சுருக்கிக்கொண்டே இருக்கும்.

இனி, பேசாத இவ்வுயிரின் மொழியைப் படிக்கக் கற்றுக்கொள்வோம். மேலுறையின் விளிம்பில் நூற்றுக்கணக்கான நுண்ணிய கண்கள் உள்ளன. அவற்றால் உருவங்களைத் தெளிவாகப் பார்க்க இயலாது. ஆனால், வெளிச்சம் திடீரென மறைவதை உடனே உணரும். மேலே உங்கள் கை நிழல் பட்டதும் கிமா வெடுக்கென்று சுருங்கினால் அது நலமாக இருக்கிறது என்று பொருள். நிழல் பட்டும் அசையாமல் இருந்தாலோ, மெதுவாகச் சுருங்கினாலோ கவலைப்பட வேண்டும். மேலுறை ஓட்டின் விளிம்பைத் தாண்டித் தாராளமாக விரிந்திருப்பது நல்ல அறிகுறி. வழக்கத்துக்கு மாறாக அது நீண்டு தொங்கி, நிறமும் மங்கினால் ஒளி போதவில்லை. பகல் முழுவதும் பாதி சுருங்கியே இருந்தால் ஒளியோ நீரோட்டமோ அளவுக்கு மிஞ்சியிருக்கலாம். ஏதேனும் ஒரு மீன் அதைக் கொத்திக்கொண்டும் இருக்கலாம். மேலுறையில் நீரை உள்ளிழுக்கும் துளை ஒன்றும், வெளியேற்றும் குழல் ஒன்றும் இருக்கும. உள்ளிழுக்கும் துளை வாய் பிளந்ததுபோல் அகன்றே கிடந்தால் நிலைமை மோசம். ஓட்டின் மேல்விளிம்பையும் பாருங்கள். அங்கே வெண்மையான புதிய கீற்று தெரிந்தால் ஓடு வளர்ந்துகொண்டிருக்கிறது. பல வாரங்களாக அக்கீற்றைக் காணவில்லை என்றால், மற்ற அறிகுறிகள் தோன்றும் முன்பே நீரைச் சோதித்துவிடலாம்.

சில பகைவர்கள் இரவில் மட்டுமே வெளிவருவார்கள். அரிசிமணி அளவே இருக்கும் ஒருவகை வெள்ளை நத்தை, பகலில் ஓட்டின் மடிப்புகளிலும் மணலிலும் ஒளிந்திருக்கும். விளக்கு அணைந்ததும் மேலேறி, ஊசி போன்ற தன் வாயைக் கிமாவின் சதையில் செருகி உடற்சாற்றை உறிஞ்சும். ஒன்றிரண்டால் பெரிய கிமாவுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால், அவை வேகமாகப் பெருகும். இளங்கிமாக்களைச் சில வாரங்களில் கொன்றுவிடும். விளக்கணைந்த ஓரிரு மணி நேரத்திற்குப் பின் கைவிளக்கோடு சென்று பார்த்தால் பிடித்துவிடலாம். புதுப் பல்துலக்கியால் ஓட்டை மெல்லத் தேய்த்து, நத்தைகளையும் கூழ்போன்ற அவற்றின் முட்டைகளையும் அகற்ற வேண்டும். உடலில் ஆறு கோடுகள் கொண்ட சிறிய மீன் ஒன்று இந்நத்தைகளை விரும்பி உண்ணும். அதைத் தொட்டியில் வளர்ப்பவர்களும் உண்டு. மாறாக, வண்ணத்துப்பூச்சி மீன், ஏஞ்சல் மீன், பேத்தை மீன் ஆகியவற்றில் பல கிமாவின் மேலுறையைக் கடித்துத் தின்பவை. மீனுக்கு நோய் வந்தால் செம்பு கலந்த மருந்தைக் கிமா உள்ள தொட்டியில் ஊற்றவே கூடாது. மீனைக் காக்கும் அம்மருந்து கிமாவைக் கொன்றுவிடும்.

இவ்வளவையும் செய்ய இயலும் என்று முடிவெடுத்த பிறகே கடைக்குச் செல்ல வேண்டும். அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி விலையைப் பற்றியது அன்று. 'இது பண்ணையில் பிறந்ததா, கடலில் பிடிக்கப்பட்டதா?' என்பதுதான். இறைச்சிக்காகவும் ஓட்டுக்காகவும் அளவின்றி எடுக்கப்பட்டதால், பல கடற்பகுதிகளில் கிமாக்கள் அருகிவிட்டன. ஆகவே, 1985 முதல் எல்லாக் கிமாக்களின் அனைத்துலக வணிகமும் சைட்டிஸ் உடன்பாட்டின்கீழ்க் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. உரிய அனுமதி இல்லாமல் அவற்றை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுசெல்ல முடியாது. மலேசியா 1999இல் கொண்டுவந்த மீன்வள விதிமுறைகளின்கீழ்க் கிமாக்கள் பாதுகாக்கப்பட்ட உயிரினங்கள். நல்ல வேளையாக, பண்ணையில் கிமா வளர்க்கும் வழி இப்போது உண்டு. பசிபிக்கில் உள்ள பலாவ் என்ற சிறிய தீவு நாட்டில் 1970களில் தொடங்கிய முயற்சிகள் அதற்கு வழிகாட்டின. பண்ணைக் கிமா தொட்டி வாழ்க்கைக்குப் பழகியதும்கூட. 5 சென்டிமீட்டருக்கும் சிறிய குஞ்சுகளை வாங்க வேண்டாம். ஒளி மட்டும் அவற்றுக்குப் போதாது. மிதக்கும் நுண்பாசிகளையும் அடிக்கடி உணவாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

நம் கடலிலும் கிமாக்கள் இன்னும் இருக்கின்றன. சிங்கப்பூரின் தென்தீவுகளைச் சுற்றியுள்ள பாறைகளில் குரோசியாவும் ஸ்குவாமோசாவும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காணப்படுகின்றன. அங்குதான் சிக்கல். கிமா தன் முட்டைகளையும் விந்தையும் நீரில் வெளியிடும். அவை நீரிலேயே சந்திக்க வேண்டும். ஒரு பெரிய கிமா ஒரே முறையில் கோடிக்கணக்கான முட்டைகளை வெளியிட்டாலும், அருகே இன்னொரு கிமா இல்லையென்றால் அவை பெரும்பாலும் வீணாகிவிடும். எழுந்து சென்று துணை தேட அதற்குக் கால்கள் இல்லை. இதனால், செயின்ட் ஜான்ஸ் தீவிலுள்ள தேசியக் கடல்துறை ஆய்வுக்கூடத்தில் ஆய்வாளர்கள் ஸ்குவாமோசாவை இனப்பெருக்கம் செய்து, குஞ்சுகளைத் தொட்டிகளில் வளர்த்து வந்துள்ளனர். சபாவின் காயா தீவிலும் கிமாக்களை வளர்த்துக் கடலில் விடும் பணி நடைபெற்றுள்ளது. வீட்டுத் தொட்டி வைத்திருப்பவர் அன்றாடம் கவனிக்கும் அதே ஒளி, வெப்பம், உவர்ப்பு, நத்தை ஆகியவற்றைத்தான் இந்த ஆய்வாளர்களும் கவனிக்கிறார்கள்.

ஒரு வேறுபாடு உண்டு. ஆய்வாளர்கள் வளர்க்கும் கிமா இந்தக் கடலைச் சேர்ந்தது. அதன் உடல்நிலையும் மரபும் அவர்களுக்குத் தெரியும். கடையில் வாங்கிய டெராசா எங்கோ ஒரு பண்ணையிலிருந்து வந்தது. அது சில ஆண்டுகளில் 30 சென்டிமீட்டருக்கும் மேல் வளர்ந்து தொட்டியில் இடம் போதாமல் போகும்போது, 'பாவம், கடலிலேயே விட்டுவிடுவோம்' என்று தோன்றலாம். அப்படிச் செய்தால் நம் கடலில் இல்லாத நோயும் ஒட்டுண்ணியும் அதனுடன் சேர்ந்து இறங்கிவிடும். பெரிய தொட்டி வைத்திருக்கும் வேறொருவரிடமோ, வாங்கிய கடையிடமோ ஒப்படைக்கலாம். அப்படி ஏற்றுக்கொள்ளக்கூடியவர் யார் என்பதை, கிமா உள்ளங்கையளவு இருக்கும்போதே விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.